கழுத்துக் கருப்பு அழுக்கல்ல

(மங்கலம்பேட்டையில் ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கழுத்து மடிப்பில் கருப்பாய்த் தடித்திருக்கிறது, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை" என்று தாய்மார் தங்கள் பருமனான பிள்ளைகளை எங்களிடம் அழைத்து வருகிறார்கள். அது அழுக்கல்ல. உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாததால் மிகுதியாய்ச் சுரக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே அடையாளம். பிள்ளையை வையாதீர்கள்.

அசட்டையாயிருந்தால் ஈரலில் கொழுப்புப் படியும், இரத்த அழுத்தம் ஏறும், சிலருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும். பெரியவர்களுக்கு வருகிற அதே சர்க்கரை வியாதியைச் சிறு பிள்ளைகள் 18 பேரிடம் கண்டதாகச் சென்னை மருத்துவர்கள் 2003-லேயே எழுதினார்கள்.

பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம், செல்போன், விளையாட்டில்லாத மாலைப்பொழுது ஆகியவை நீங்கள் அறிந்த காரணங்களே. அறியாதது ஒன்றுண்டு. டில்லியில் பிறந்தது முதல் எடை பார்த்துத் தொடரப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. வாலிபத்தில் சர்க்கரைக்கு ஆளானவர்கள் இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு வேகமாய்ச் சதை வைத்தவர்கள். 12 வயதில்கூட அவர்களைக் குண்டென்று யாரும் சொல்லியிருக்க முடியாது!

ஆகையால் மெலிந்த பிள்ளையைத் தேற்றுவதாக எண்ணி பிஸ்கட்டும் இனிப்பும் திணிக்க வேண்டாம். முட்டை, பயறு, கீரை கொடுங்கள். பருத்த பிள்ளையைப் பட்டினியும் போடாதீர்கள்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கலாகாது என்று 2020-ல் விதி வந்தது. நாமோ ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்தால் சாக்லேட் கொடுக்கிறோம். ஒரு பந்து வாங்கிக் கொடுக்கலாமே. ஆராதனை முடிந்ததும் விளையாடுவார்கள்.