லாரிக்குப் பாடி கட்டும் கலை

தொழிற்சாலை வாசலைத் தாண்டி வரும் புது லாரி பல சமயம் முழு லாரியாக இருப்பதில்லை. நீண்ட இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், முன்னால் எஞ்சினும் ரேடியேட்டரும் ஸ்டியரிங்கும், கீழே அச்சும் சக்கரமும். இந்த எலும்புக்கூட்டுக்குச் சேசிஸ் என்று பெயர். முன்பெல்லாம் கதவு, கூரை எதுவும் இல்லாத அந்த வண்டியைத் தலையில் துண்டு சுற்றிய ஓட்டுநர் எண்ணூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ, தொலைவில் ஜாம்ஷெட்பூரிலிருந்தோ ஓட்டிவந்து பட்டறையில் விடுவார். அதற்குமேல் சரக்குத் தளம், பக்கக் கதவுகள், பெட்டிகள், கொக்கிகள், வண்ணம் என்று, ஒரு காலத்தில் ஓட்டுநர் அறையும் சேர்த்து, எல்லாவற்றையும் கையால் எழுப்புவதே பாடி கட்டுதல். வாங்குபவர் கேட்கிறபடி, ஏற்றப்போகும் சரக்குக்குத் தக்கபடி, ஒவ்வொரு வண்டியும் தனியாகக் கட்டப்படுகிறது.

பேருந்துக்குக் கரூர், லாரிக்கு நாமக்கல் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் இந்தத் தொழிலின் நிலம் நாமக்கல்லோடு நிற்பதில்லை. சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, ஆத்தூர் என்று சமவெளி முழுக்கச் சாலையோரப் பட்டறைகள் பரவியிருக்கின்றன. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்றுதான். அதற்கு முன் இவை எல்லாமே ஒரே சேலம் மாவட்டம். மழை குறைந்த, பாறை மிகுந்த இந்தப் பூமியில் விவசாயத்தை மட்டும் நம்பியிருக்க முடியாத குடும்பங்கள் லாரித் தொழிலில் இறங்கின. ஒரு லாரி, பிறகு இரண்டு என்று சேர்த்து உரிமையாளர் ஆனவர்கள் இங்கே ஏராளம். 1954-இல் டாட்டாவின் மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகள் வரத் தொடங்கின. 1955-இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. உள்நாட்டுச் சேசிஸ் கிடைக்கத் தொடங்கியதும் அதன்மேல் பாடி கட்ட ஆள் தேவைப்பட்டது. மாட்டு வண்டிக்குச் சட்டமும் சக்கரமும் செய்துகொடுத்த ஆசாரிமார்களும் கொல்லர்களும் இந்த ஊர்களில் ஏற்கெனவே இருந்தார்கள். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னை செல்லும் சாலையில் ஆத்தூர் இருக்கிறது; சுற்றிலும் மரவள்ளிக்கிழங்கு வயல்களும் ஜவ்வரிசி ஆலைகளும். சரக்கும் சாலையும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் லாரிப் பட்டறை அமைவது இயல்பு.

பாடி கட்டுவதில் முதல் கேள்வி சரக்கைப் பற்றியது. கிழங்கா, ஜவ்வரிசி மூட்டையா, சிமெண்டா, இரும்புக் கம்பியா, முட்டையா, மக்காச்சோளமா? கிழங்கு வண்டிக்குப் பக்கச் சுவர் உயரமாக வேண்டும். குவித்துக் கொட்டுகிற சரக்கு அது. மூட்டைக்குத் தளம் சமமாக இருந்தால் போதும், பாரம் தானாகப் பரவும். இரும்புச் சுருளோ எந்திரமோ ஏறினால் டன் கணக்கான எடை இரண்டடி இடத்திலேயே அழுத்தும். அந்த இடத்துக்கு நேர் கீழே குறுக்குச் சட்டம் நெருக்கமாக வரவேண்டும். முட்டை வண்டியின் கவலையே வேறு. அட்டைத் தட்டுகளில் அடுக்கிய சரக்கு நகரக் கூடாது, நனையக் கூடாது, காற்றில்லாமல் வேகவும் கூடாது.

அடுத்தது எடை. அச்சுப் பாரத்துக்கான உச்சவரம்பை மத்திய அரசு 2018-இல் உயர்த்தியபோது, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் ஆனது. இந்த மொத்தத்துக்குள் சேசிஸும் பாடியும் சரக்கும் அடக்கம். பாடி 200 கிலோ கூடினால் ஒவ்வொரு நடையிலும் சரக்கு 200 கிலோ குறையும். ஆண்டுக்கு 100 நடை ஓடும் வண்டிக்கு அது 20 டன் வாடகை. அதற்காக எடையை வெட்டிக்கொண்டே போனால் இரண்டு மழைக்காலத்தில் தளம் தொங்கிவிடும். எங்கே இரும்பைக் குறைக்கலாம், எங்கே ஒரு கிலோகூடக் குறைக்கக் கூடாது என்று தெரிந்த மேஸ்திரியே நல்ல மேஸ்திரி. இந்தக் கலையில் அழகு என்று எதையாவது சொல்வதானால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்.

அந்தத் திறமை முழுதும் வெளிப்படுகிற இடம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம்: சேசிஸும் பாடியும் சேரும் பொருத்து. லாரியின் சேசிஸ் அசையாத பாலம் அல்ல. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி மறு சக்கரம் மேட்டில் ஏறும்போது அந்த இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு, பிறகு நிமிரும். அப்படி முறுக வேண்டும் என்றே அதை வடிவமைக்கிறார்கள். அதன்மேல் விறைப்பான பாடியைப் பற்றவைத்து இறுக்கிவிட்டால், முறுக இடமில்லாத சட்டம் வெடிப்பு விடும். ஆகவே தேர்ந்த பட்டறையில் சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடமாட்டார்கள், வெல்டிங்கும் வைக்கமாட்டார்கள். வளைவின்போது மிகுந்த இழுவையும் அழுத்தமும் அந்த விளிம்புகளில்தான் ஏறுகின்றன. சின்னத் துளைகூட வெடிப்புக்கு வாசலாகும். அதற்குப் பதிலாகச் சேசிஸின் நீளத்துக்கு ஒரு நெடுஞ்சட்டத்தை மேலே படுக்கவைத்து, இரண்டையும் யூ போல்ட்டால் கட்டுகிறார்கள். இரும்பும் இரும்பும் உரசித் தேயாமல் இருக்க நடுவே மரக்கட்டையோ ரப்பரோ வரும். போல்ட்டை இறுக்கும்போது சேசிஸ் சட்டமான சேனலின் விளிம்பு உள்நோக்கி மடங்காமல் இருக்க, அந்த இடத்தில் சேனலுக்குள்ளே ஒரு முட்டுக்கட்டையை அடித்து வைப்பார்கள். நெடுஞ்சட்டத்தின் முன்முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்த்துச் சீவிவிடுவார்கள். செங்குத்தாக விட்டால் பாரமெல்லாம் அந்த ஒரு புள்ளியில் குத்தி, ஓட்டுநர் அறைக்குச் சற்றுப் பின்னால் சேசிஸ் முறியும். ஒரு சாண் நீளச் சாய்வு வெட்டுதான். ஆனால் வண்டி பல ஆண்டு உழைக்குமா என்பதை அது தீர்மானிக்கிறது. முதல் சில லோடு ஓடியதும் வண்டியைத் திரும்ப வரவழைத்து யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கவேண்டும். கட்டை அமுங்கிப் பிடி தளர்ந்திருக்கும் என்பதே காரணம்.

தளத்துக்கு மரப்பலகை போடுவதா, இரும்புத் தகடு போடுவதா என்பது சரக்கையும் கையிலிருக்கும் பணத்தையும் பொறுத்தது. மரம் என்றால் வைரம் பாய்ந்து நன்கு காய்ந்ததாக இருக்கவேண்டும். ஈரம் உள்ள பலகை பிறகு சுருங்கும், ஆணி தளரும், இடுக்கு விழும், அந்த இடுக்கில் தானியம் ஒழுகும். இரும்புத் தளம் தேயாது என்றாலும் மூட்டை வழுக்கும், வெயிலில் கொதிக்கும், மழைநீர் தேங்கிய மூலையில் துரு ஏறும். பலகை போட்டு, தேவையான இடத்தில் மட்டும் தகடு பதிப்பது இரண்டுக்கும் நடுவான வழி. பக்கக் கதவுகளின் கீல், தாழ்ப்பாள், கயிற்றுக் கொக்கி ஆகியவற்றைப் பல உரிமையாளர்கள் சில்லறை வேலை என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் தார்ப்பாயின் கயிறு முழு இறுக்கத்தையும் போடுவது அந்தக் கொக்கிகளின்மேல்தான். வளைவில் சரக்கு சாயும்போது கடைசியில் பிடித்து நிற்பதும் அவையே.

ஒரு காலத்தில் ஓட்டுநர் அறை முழுக்க இங்கேயே கட்டப்பட்டது. மரச் சட்டம் பின்னி, அதன்மேல் தகடு போர்த்தி, உள்ளே படுக்கைப் பலகையும் சாமி படத்துக்கு மாடமும் வைத்து, நெற்றியில் கேரியர் எழுப்பி அந்தக் கேபின்கள் உருவாயின. உயரமும் விசாலமும் காற்றோட்டமும் அவற்றில் இருந்தன. மாதக்கணக்கில் வண்டியையே வீடாகக் கொண்ட ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் அந்த விசாலம் பெரிய கொடை. ஆனாலும் மோதலில் மரச்சட்டம் நொறுங்கியது. உள்ளே இருந்தவரை அது காக்கவில்லை. ஓட்டுநர் அறைக்கும் லாரிப் பாடிக்கும் ஏஐஎஸ் 093 என்ற தேசிய விதித்தொகுப்பு வந்ததும், சோதனைக்கு உட்பட்ட தொழிற்சாலைக் கேபின்கள் பெருகியதும் இந்தக் குறையைத் தீர்க்கத்தான். கேபின் வேலை கையைவிட்டுப் போனது பட்டறைகளுக்கு இழப்பு; உயிரைக் கணக்கில் எடுத்தால் அந்த மாற்றம் வரவேண்டியதே. வருந்தத்தக்கது வேறொன்று. வெப்ப நாட்டு ஓட்டுநருக்கு எவ்வளவு காற்று வேண்டும், எங்கே கால் நீட்டவேண்டும் என்று பட்டறைக்காரர்கள் அனுபவத்தில் கண்டதைத் தொழிற்சாலைகள் நெடுங்காலம் கேட்கவில்லை. கேபினில் குளிர்சாதனம் வேண்டும் என்ற விதி வருவதற்கு 2020-களின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வண்ண வேலை தனி உலகம். ரெட் ஆக்சைடு, பட்டி, தண்ணீர்த் தாளில் தேய்ப்பு, மறுபடி பட்டி, பிறகு வண்ணம் என்பது அடிப்படை வரிசை. நேஷனல் பெர்மிட் லாரிக்குக் காய்ந்த இலையின் பழுப்பு நிறமும் வெள்ளைக் கரையும் வேண்டும் என்பது நெடுங்காலம் மோட்டார் வாகன விதியாக இருந்தது. நெடுஞ்சாலையில் அத்தனை லாரிகள் ஒரே பழுப்பாகத் தெரிந்தது இதனால்தான். விதி விட்ட இடைவெளியில் ஓவியர் தன் கையைக் காட்டுகிறார்: நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பம்பரில் பிள்ளைகளின் பெயர், பின்கதவில் தாமரையும் மயிலும், டீசல் டாங்கியில் ஒரு வரி. தூரிகையால் ஒரே இழுப்பில் எழுதிய எழுத்தின் நிழலும் வளைவும் இப்போதைய ஸ்டிக்கர் எழுத்தில் இல்லை. ஸ்டிக்கர் மலிவு, வேலையும் அரை நாளில் முடிகிறது. ஆனால் வெயிலில் ஓரம் சுருண்டு உரிகிறது. நல்ல கையெழுத்தோ அடுத்த பெயிண்ட் வரை நிற்கும்.

இந்தத் தொழிலின் உச்சம் என்று திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைச் சொல்லலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரத்தை லாரிமேல் ஏற்றும் வேலையை இந்த ஊர் தனதாக்கிக்கொண்டது. இங்கே கட்டிய வண்டிகளும் அவற்றை ஓட்டும் ஆட்களும் வட இந்தியா முழுக்கப் போகிறார்கள். ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கிறார்கள். ரிக் கட்டுவது பாரவண்டி கட்டுவதைவிடப் பல மடங்கு கடினம். ஓடும்போது நெடிய கோபுரம் படுத்துக் கேபின்மேல் நீட்டி நிற்கவேண்டும். வேலைத்தலத்தில் அதே கோபுரம் செங்குத்தாக எழவேண்டும். ஹைட்ராலிக் ஜாக்குகள் முழு வண்டியையும் தரையிலிருந்து தூக்கி மட்டம் பார்க்கும். குழிக்குள்ளே துரப்பணத்தின் தலைக்கு மேலேயே காற்றழுத்தத்தால் அடிக்கும் சுத்தியல் இருக்கிறது. உடைந்த பாறைத் தூளை அதே காற்று மேலே ஊதித் தள்ளுகிறது. 1000 அடி இறங்க 20 அடிக் குழாய்கள் 50 வேண்டும். அவற்றையும் கம்பரசரையும் எந்த லாரியில் எங்கே வைத்தால் எந்த அச்சும் மீறாது என்று கணக்கிட்டாக வேண்டும். சேலம் வட்டாரத்தின் கருங்கல் பூமியில் தண்ணீருக்காகப் பட்ட பாடே இந்தத் திறமையை வளர்த்தது.

உலகின் வேறொரு மூலையில் இதற்கு உறவான ஒரு கலை உண்டு. 1930-களில் தெற்குக் கலிஃபோர்னிய இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டையும் கூரையையும் கழற்றி எறிந்து, எஞ்சினைத் தாங்களே கூர்தீட்டி, வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் வந்த ஃபோர்டின் 65 குதிரைத்திறன் வி8 எஞ்சின் அவர்களுக்கு வரமாக அமைந்தது. ஹாட் ராட் என்ற அந்த வண்டிகள் வீட்டுக் கொட்டகையில் பிறந்தவை. அங்கே எடையைக் குறைத்தது வேகத்துக்காக. நாமக்கல் சமவெளியில் சரக்குக்காக. சேசிஸை நிறுத்திவைத்து, தேவையற்றது எது என்று ஒவ்வோர் உறுப்பாகக் கேட்கும் மனம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இங்கே எஞ்சினில் யாரும் கை வைப்பதில்லை.

சட்டமும் அதற்கு இடம் தராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள உற்பத்தியாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ விதிக்கிறது. ஆகவே சொந்தக் கார் கட்டும் ஆசைக்குப் பந்தயத் தளமே இடம். கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியது அப்படித்தான். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. சாலையில் ஓடும் வண்டியைக் கையால் எழுப்ப, லாரி, பேருந்துப் பாடி கட்டும் தொழிலுக்கு விதிக்குட்பட்ட வழி திறந்திருக்கிறது.

அந்த விதிகளும் கறாரானவை. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பின் அச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, முன் பின் அச்சுகளின் இடைத்தூரத்தில் 60 சதவீதத்துக்குள் அடங்கவேண்டும். அதற்குமேல் நீண்டால் பின்பாரம் முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டியரிங் பிடி இழக்கும். பின்னாலும் பக்கங்களிலும் தாழ்ந்த தடுப்புக் கம்பிகள் கட்டாயம். மோதும் கார் தளத்துக்கு அடியில் புகுந்துவிடாமல் காப்பது பின்தடுப்பு. இருசக்கர வாகனக்காரர் சக்கரத்துக்குள் விழாமல் காப்பது பக்கத் தடுப்பு. எஃப்சி எனும் தகுதிச் சான்றிதழ் சோதனைக்கு மட்டும் காட்டிவிட்டுப் பிறகு கழற்றிவிடும் வழக்கத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

புதுப் பாடியை மதிப்பிட வருபவர் வண்ணத்தை விட்டுவிட்டுக் கீழே குனிந்து பார்க்கவேண்டும். யூ போல்ட்டுகள் ஒரே இடைவெளியில் உள்ளனவா, சேனலுக்குள் முட்டுக்கட்டை இருக்கிறதா, நெடுஞ்சட்டத்தின் முனை சீவியிருக்கிறதா, சேசிஸ் விளிம்பில் எங்காவது வெல்டிங் பொட்டு தெரிகிறதா என்று கவனிக்கவேண்டும். பிறகு ஒரு பின்சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து மூடவேண்டும். சேசிஸ் முறுகிய நிலையிலும் தாழ்ப்பாள் சுத்தியல் அடிக்காமல் விழுந்தால், பாடியை வாங்கிக்கொள்ளலாம்.