தசையைக் காக்கும் இன்சுலின்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் சங்கத்துக் குடும்பங்களுட் சில, பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பகுதியின் எல்லைச் சிற்றூர்களிலிருந்து வந்தவை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, களியக்காவிளை தமிழ்நாட்டின் பக்கமும் அதனை அடுத்த பாறசாலை கேரளத்தின் பக்கமும் அமைந்தன. எல்லை பிரித்தாலும் உழைப்பு இருபுறமும் ஒன்றாகவே இருந்தது. பனையேறியவரும், தறியில் நெய்தவரும், மரச்சீனிக்கிழங்கு நட மண் வெட்டியவரும் உரம் பாய்ந்த உடலோடு வாழ்ந்தனர். அவர்கள் வழிவந்த நாமோ நாற்காலியில் அமர்ந்து பிழைக்கிறோம். வயிறு பருத்தது, தோளும் தொடையும் மெலிந்தன, நீரிழிவும் உடன் வந்தது. இம்மூன்றும் ஒரே கதையின் பகுதிகள் என்பதையே இன்று கூற விழைகிறோம்.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பது என்ற அளவிலேயே பலரும் அறிவர். அது எவ்வாறு குறைக்கிறது? நாம் உண்டபின் குருதியில் ஏறும் சர்க்கரைக்குத் தசையின் வாயிலைத் திறந்துவிடுகிறது. உள்ளே சென்ற சர்க்கரை ஆற்றலாகிறது. எஞ்சியது கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. உடலில் சர்க்கரைக்கு உரிய பெரிய களஞ்சியம் தசையே. களஞ்சியம் சுருங்கினால் சர்க்கரை எங்கே செல்லும்? குருதியிலேயே தேங்கும்.

இன்சுலினுக்கு வேறொரு பணியும் உண்டு. தசையின் புரதம் நாள்தோறும் சிதைகிறது. நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. அச்சிதைவு மிகாமல் தடுக்கும் காவலன் இன்சுலின். ஆனால் காவலன் மட்டுமே வீடு கட்டிவிட இயலாது. உணவில் வரும் புரதம் செங்கல், உடலுழைப்பே கொத்தன். மூன்றும் கூடினாலன்றித் தசை வளராது.

காவலன் அறவே இல்லாதபோது நேர்வது என்ன? உடல் தன் தசையையே கரைத்து எரிக்கும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகர மருத்துவமனையில், லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். பான்டிங், பெஸ்ட் ஆகியோர் முந்திய ஆண்டில் பிரித்தெடுத்த இன்சுலின் அவனுக்குச் செலுத்தப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. கோலிப் என்பவர் அதனைத் தூய்மைப்படுத்திய பின்னரே சிறுவன் தேறினான்.

ஆதலால், "இன்சுலின் ஊசி என்றால் முடிவு நெருங்கிவிட்டது" என்று அஞ்சி, மருத்துவர் சொல்லியும் மறுப்பது பெரும்பிழை. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. நோயற்ற இளைஞர் சிலர் உடற்கட்டுக்காக இன்சுலினைக் களவாகச் செலுத்திக்கொள்கின்றனர். குருதிச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உயிரே போகும்.

நமக்கு எளிய வழியொன்று உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலேயே சர்க்கரையை உள்ளிழுக்கும். இவ்வுண்மையை ஊரார் தம் வாழ்வில் கைக்கொள்ள இயலுமா என்று பார்த்த இடங்களுள் ஒன்று நம் நெய்யாற்றங்கரை வட்டமே! அங்கு 2013இல் தொடங்கிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, நோய் வரக்கூடிய 1007 பேர் பங்கேற்றனர். பாதிப் பகுதிகளில் அண்டை வீட்டார் குழுவாகக் கூடி, உணவையும் நடமாட்டத்தையும் திருத்திக்கொண்டனர். 2018இல் முடிவு வெளிவந்தது. இரண்டாண்டில் நோயுற்றோர் அக்குழுக்களில் 14.9 விழுக்காடு, ஏனையோரில் 17.1 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதை மறைத்தல் ஆகாது. எனினும் குழுவினர் காய்கனி உண்பது கூடிற்று, குடிப்பழக்கம் குறைந்தது, அன்றாட வேலைகளைச் செய்யும் உடல்திறன் உயர்ந்தது. உடல்திறன் உயர்ந்ததே நமக்கு உரிய பாடம்.

நாமும் செய்யலாம். மாடிப்படி ஏறுவோம், நாற்காலியில் கைப்பிடியைப் பற்றாமல் பத்துமுறை எழுந்து அமர்வோம், கடைச்சுமையை நாமே தூக்குவோம். கிழங்கும் சோறும் குறைத்துச் சிறுபயறும் மீனும் மோரும் கூட்டுவோம். இன்சுலின் ஊசி போடுவோரும் சிறுநீரக நோயுடையோரும் மருத்துவரைக் கேட்டே எதையும் மாற்றுக.

விழாவன்று கூடுகின்ற நாம், மாலைதோறும் அரைமணி நேரம் கூடி நடந்தால் என்ன? பாட்டனார் தந்த நிலத்தை விட்டு வந்தோம். அவர் தந்த உடலுரத்தையேனும் நம் மக்களுக்கு விட்டுச் செல்வோம்.