ஜோட் குடும்பமும் வன்னி மண்ணும்

(கிளிநொச்சியில் நடைபெற்ற வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க நாவல்களையும் அவற்றில் வரும் மாந்தரையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். ஒரு மாலைப்பொழுதில் அளந்து முடிக்கக்கூடிய கடலன்று அது. வில்லியம் போக்னர் 1930 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலொன்றிலே, ஏழைக் கமக்காரக் குடும்பம் ஒன்று இறந்த தாயின் பெட்டியை வண்டியிலேற்றி, வெள்ளம் பெருகிய ஆற்றைக் கடந்து செல்கின்றது. 1952 இல் வெளிவந்த ஹெமிங்வேயின் சிறு நாவலிலே கிழட்டு மீனவன் ஒருவன் தனியே கடலோடு பொருதுகின்றான். முல்லைத்தீவுக் கரையோரத்து அன்பர்களுக்கு அவனை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. ஆயினும், இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு நூலை இன்று எடுத்துக்கொள்கிறேன். காணியைப் பற்றிய நூல் என்பதே காரணம். காணியைப் பற்றிக் கேட்க வன்னியிலே செவி கொடாதார் உளரோ?

ஜோன் ஸ்ரைன்பெக் 1938 இல் ஏறக்குறைய ஐந்து மாத காலத்தில் எழுதி, 1939 இல் வெளியிட்ட பெருநாவல் அது. அதன் பெயரைத் தமிழில் 'சினத்தின் கனிகள்' எனலாம். ஒக்லகோமா மாநிலத்தில் மழை பொய்த்தது. புழுதிப் புயல் பயிரை மூடிற்று. ஜோட் என்னுங் குடும்பத்தார் கடனுக்குக் காணியை இழந்து, தம் பாட்டன் திருத்திய நிலத்திலேயே வாரக்குடிகளாகி உழுது வந்தவர்கள். வங்கிக்கு இனி வாரக்குடியும் வேண்டியதில்லை. ஓர் உழவு இயந்திரம் போதும், பன்னிரண்டு குடும்பங்களின் வேலையை அது செய்துவிடும்.

நூலின் ஐந்தாம் அதிகாரத்தை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வீட்டை இடிக்க இயந்திரத்தோடு வருபவன் அந்நியனல்லன், அயல்வீட்டுப் பிள்ளை. நாளொன்றுக்கு மூன்று டொலர் கூலிக்கு வந்திருக்கின்றான். அவனுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. குடியானவன் துப்பாக்கியோடு நிற்கிறான். 'உன்னைச் சுடுவேன்' என்கிறான். 'என்னைச் சுட்டால் உன்னைத் தூக்கிலிடுவார்கள், நாளை இன்னொருவன் வருவான்' என்ற கருத்தில் பதில் வருகின்றது. அப்படியாயின் உனக்குக் கட்டளையிட்டவன் யார்? அவனுக்கு மேலே வங்கி. வங்கித் தலைவருக்கு மேலே கிழக்கிலிருந்து வரும் கட்டளை. ஈற்றில் யாரைத்தான் சுடுவது என்று அறியாமல் அந்த மனிதன் திகைத்து நிற்கின்றான். பகைவனுக்கு முகமில்லாமற் போன காலத்தை இவ்வளவு எளிமையாக வேறெவரும் எழுதியதாக நான் அறியேன்.

போர் முடிந்தபின் வன்னிக்குள் நிதி நிறுவனங்கள் வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து நுண்கடன் வழங்கின. கொடு வட்டியும் கூடவே வந்தது. வறட்சியால் தாக்குண்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு 2018 இல் அறிவிக்க நேர்ந்தது. வாரந்தோறும் மோட்டார் சைக்கிளிற் படலையடிக்கு வந்து பணங் கேட்பவன் எவன்? பெரும்பாலும் நமது பாடசாலையிற் படித்த பிள்ளைதான்! அவனை ஏசி என்ன பயன்? அவனுக்கு மேலே எத்தனை பேர், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை அவனும் அறியான்.

நிற்க. ஜோட் குடும்பத்தார் பழைய மோட்டார் வண்டியொன்றைப் பார வண்டியாக வெட்டித் திருத்தி, தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி, கலிபோர்னியாவை நோக்கிப் புறப்படுகின்றனர். மண்ணை விட்டகன்ற முதல் நாளே பாட்டன் இறக்கின்றார்; வழியோரத்திற் புதைக்கின்றார்கள். பாலைவனத்தைக் கடக்கும் இரவிற் பாட்டியும் இறக்கின்றாள். வண்டியைச் சோதனைக்காக மறித்தால் பயணம் தடைப்படுமென்று, தாய் ஒருவரிடமுஞ் சொல்லாமல், விடியும்வரை அப்பிணத்தின் அருகிலேயே படுத்திருக்கின்றாள். போரின் இறுதிக் காலத்திற் கிளிநொச்சியை விட்டு, உழவு இயந்திரப் பெட்டிகளில் உலைமூடி முதல் கூரைத்தகடு வரை ஏற்றிக்கொண்டு, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் எனக் கிழக்கே சென்றவர்கள் இச்சபையிற் பலர். அந்தத் தாயைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கவுரை கூற வேண்டியதில்லை.

ஆனால் ஓரிடத்தில் நம் கதையும் அவர்கள் கதையும் பிரிகின்றன. நாவலின் இருபத்திரண்டாம் அதிகாரத்திலே அரசாங்க முகாம் ஒன்று வருகின்றது. அங்கே இடம்பெயர்ந்தோர் தாமே குழுக்களைத் தெரிந்து, தாமே ஒழுங்கு காக்கின்றனர். சனிக்கிழமைகளில் ஆடல் பாடல் உண்டு. பிடியாணையின்றிக் காவலர் உள்ளே வரலாகாது. இது கற்பனையன்று, கலிபோர்னியாவில் ஆர்வின் என்னும் ஊரருகே அத்தகைய முகாம் உண்மையிலேயே இருந்தது. அங்கு சென்று கண்டே அவர் எழுதினார். வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாமும் முகாமே. அங்கே முட்கம்பி இருந்தது. வெளியே செல்லும் உரிமை இருக்கவில்லை. அது முற்றாக மூடப்பட 2012 செப்டெம்பர் ஆயிற்று. மூடிய பின்னரும் எல்லோரும் தத்தம் வளவுக்குத் திரும்பினார்களா? கேப்பாப்புலவுப் பிலவுக்குடியிருப்புத் தாய்மார் 2017 இன் தொடக்கத்தில் படைமுகாமின் வாயிலிலே இரவும் பகலும் குந்தியிருந்தே தம் காணியின் ஒரு பகுதியை மீட்டார்கள்.

இதுவரை நான் கூறியது உங்களுக்கு உவப்பாகவே இருந்திருக்கும். இனிக் கூறுவது உவப்பாக இராது. இந்நாவலை வாசிக்கும் ஈழத்தமிழன் தன்னை ஜோட் குடும்பத்திலேயே தேடுகின்றான். கலிபோர்னியத் தோட்டக்காரரிடையேயும் அவன் தன்னைத் தேடிப் பார்த்தல் வேண்டும். வந்தேறிய ஏழைகளை அவர்கள் 'ஒக்கி' என்றழைத்தார்கள். முன்னர் அது ஒக்லகோமாக்காரன் என்று மட்டுமே பொருள்பட்டது, பின்னர் வசைச்சொல்லாயிற்று. பீச் பழம் பெட்டிக்கு ஐந்து சதமென்று பிடுங்குவித்தார்கள். வேலைநிறுத்தக்காரர் அடித்து விரட்டப்பட்டதும் இரண்டரைச் சதமாக்கினார்கள்.

நம்மிடமும் அத்தகைய சொல் ஒன்றுண்டு: 'தோட்டக்காட்டான்'. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர், எழுபதுகளின் பஞ்சத்தாலும் 1977 இன் இன வன்செயலாலும் துரத்துண்டு வன்னிக்கு வந்தனர். டாக்டர் இராஜசுந்தரமும் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தியம் அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியேறிய மலையக மக்கள் 1984 இல் விரட்டப்பட்டனர். அவர்களுக்குப் பதிலாகக் கொண்டுவந்து இருத்தப்பட்ட சிங்களக் கைதிகளும் குடும்பத்தினரும் அவ்வாண்டு நவம்பரிற் கொல்லப்பட்டனர். காணியற்ற ஏழையைக் காணியற்ற ஏழை மீது ஏவும் சூது அது.

அரசு செய்தது ஒருபுறமிருக்க, நாம் செய்தது யாது? மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் உள்ள குடும்பங்களைக் கேளுங்கள். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களிற் புல்லுப் பிடுங்கியவர்கள், நாற்று நட்டவர்கள், அரிவு வெட்டியவர்கள் அவர்கள். அந்த வாய்க்கால் நீர் பாயும் காணியில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு? மழையை நம்பிய மேட்டுக்காணிதான் பலருக்கும் வாய்த்தது. அதற்கும் உறுதியில்லாமற் பல்லாண்டு இருந்தவர்கள் உண்டு.

நமது நாவலாசிரியர்கள் வன்னியை எழுதாமலில்லை. 1973 இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யிலே தண்ணிமுறிப்புக் காடும் பதஞ்சலியும் இன்றும் உயிரோடிருக்கின்றனர், அவ்வூர் மக்கள் 1984 இல் வெளியேற நேர்ந்த பின்னரும். காடு வெட்டிக் கழனியாக்கிய கிளிநொச்சிக் குடியேற்றக்காரரின் பாட்டைத் தாமரைச்செல்வி எழுதினார். செங்கை ஆழியானின் 'காட்டாறு' ஏழைக் கமக்காரனைச் சுரண்டியோரைச் சாடியது. இவை நல்ல நூல்கள். ஆயினும் மலையிலிருந்து மூட்டையோடு வந்திறங்கிய குடும்பத்தை நடுநாயகமாக வைத்து, ஸ்ரைன்பெக் எழுதிய அளவில் ஒரு பெருநாவல் என் கைக்கு இன்னும் எட்டவில்லை.

எழுதினால் வசை வரும். ஸ்ரைன்பெக்கின் நூலைக் கலிபோர்னியாவின் கேர்ன் மாவட்ட நிருவாகிகள் 1939 ஓகஸ்டில் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் தடைசெய்தார்கள், சிலர் கொளுத்தினார்கள். தடை நீங்க 1941 ஆயிற்று. அவரும் குறையற்றவரல்லர். அதே தோட்டங்களில் உழைத்த மெக்சிக்கோவினரும் பிலிப்பைன்ஸ்காரரும் அவர் நாவலில் அரிதாகவே தென்படுகின்றனர். எனினும் ஜோட் வகையினரின் பாட்டன்மார் பழங்குடியினரைக் கொன்றே அந்நிலத்தைப் பிடித்தார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். முழு நூலையும் இல்லாவிடினும், அந்த ஐந்தாம் அதிகாரத்தையும், பீச் பழத் தோட்டம் வரும் இருபத்தாறாம் அதிகாரத்தையும் உங்கள் மாணவருக்குத் தமிழிற் சொல்லிக் காட்டுங்கள். வயலுடையவர் வீட்டுப் பிள்ளையும் நாட்கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கும்போது சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.