இரு மரங்களுக்கிடையே ஓர் இரவு



ஊரைவிட்டு எவ்வளவு தொலைவில் குடியேறினாலும், பிள்ளை பிறந்ததும் நம் வீட்டில் பழைய புடைவையொன்று தூளியாகத் தொங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களும் தூளியில் உறங்கும் ஓரிடத்தைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடாவின் எல்லையை ஒட்டி, 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்னும் காட்டுப் பகுதி உள்ளது. பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர். ஏரிகள் 1,000-க்கு மேல். 1964, 1978 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் இதனைக் காக்கின்றன. பெரும்பாலான ஏரிகளில் இயந்திரப் படகுக்கு இடமில்லை; ஒடுங்கிய துடுப்புத் தோணியே வாகனம். ஓர் ஏரி முடிந்ததும், தோணியைத் தோள்மேல் கவிழ்த்துச் சுமந்து, மூட்டைகளுடன் அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். சுமை குறைந்தால்தான் பயணம் இனிக்கும்.

அங்கே மண் மெல்லியது, அடியில் பாறை. கூடாரத்தின் முளைகள் எளிதில் இறங்குவதில்லை, சமதரையும் அரிது. மரங்களுக்கோ குறைவில்லை. ஆகவே பலர் கூடாரத்தை விடுத்து, இரு மரங்களுக்கிடையே தூளி கட்டிக்கொள்கின்றனர். கொசுவுக்கு வலை; மழைக்கு மேலே ஒரு விரிப்பு. இத்தூளிக்கு 'ஹாமக்' என்ற பெயர், கரிபியத் தீவுகளின் டைனோ மக்களுடைய மொழியிலிருந்து வந்ததாகும்.

புதியவர் செய்யும் முதற்பிழை, கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவதே. படுப்பவரின் எடை 70 கிலோ என்று கொள்வோம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவையைத் தாங்கும். சாய்வு 10 பாகையாகக் குறைந்தால், அவ்விழுவை ஏறத்தாழ 200 கிலோவாகிவிடும்! கயிறு அறலாம், பட்டுப்போன மரமாயின் உறங்குபவர் மேலேயே சாயலாம். எனவே உயிருள்ள பருத்த மரத்தையே தேர்ந்து, பட்டையைக் காயப்படுத்தாத அகன்ற நாடாவினால், சற்றுத் தளர்வாகக் கட்டுதல் வேண்டும். அமர்ந்தால் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரம் போதும். நேராகப் படுத்தால் முதுகு வளையும். குறுக்குச் சாய்வாகப் படுத்தால் உடல் ஏறக்குறைய மட்டமாகும்.

இரண்டாவது பிழை, குளிரை மறப்பது. உடலின் பாரத்தால் அடியிலுள்ள போர்வை நசுங்கி, வெப்பம் காக்கும் தன்மையை இழக்கிறது. கீழே ஏரிக்காற்று வீசுகிறது. கோடையிலும் நள்ளிரவில் உடல் நடுங்கும். ஆதலின் தூளிக்கு வெளியே, அடிப்புறத்தில், நசுங்காதவாறு மற்றொரு போர்வையைத் தொங்கவிடுகின்றனர்.

விடியலில் முடிச்சை அவிழ்த்துத் தோணியில் ஏறியபின், அங்கே முளை அடித்த குழியில்லை, நசுங்கிய புல்லில்லை, மரப்பட்டையில் வடுவுமில்லை. அடுத்து வருபவருக்கு அக்காடு முன்போலவே காத்திருக்கிறது. விருந்தினராகச் சென்ற இடத்தில் நாம் விட்டுவரத்தக்கது இதுவேயன்றோ?