ஓடும் வண்டியும் நிற்கும் இடமும்



மோட்டார்ப் பந்தயத்தைப் படம் பிடிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாடசாலை அதிபர் ஒருவருக்குப் பந்தயத்தோடு என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். பந்தயத்தோடு உள்ள உறவு சிறிது. கமராவோடு உள்ள உறவு பெரிது. நான் வசிப்பது ஹெந்தளையில். ஊரருகே ஹமில்டன் கால்வாய் ஓடுகிறது. கடலும் தொலைவில் இல்லை. வள்ளங்களையும் வலைகளையும் மாலை வெயிலையும் வேண்டியமட்டும் படம் பிடிக்கலாம். இவையெல்லாம் கமராக்காரனுக்காகக் காத்திருக்கும் பொருள்கள். காத்திராத பொருள் ஒன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருவனுக்கு வந்துவிட்டால், அவன் எப்படியும் ஒரு நாள் பந்தயத்தளத்துக்குப் போய்ச் சேருவான்.

நமது நாட்டுப் பந்தயங்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அவற்றில் ஓடுகிறவர்களுட் பெரும்பாலோர் பந்தயத்தால் வயிறு வளர்ப்பவர் அல்லர். பந்தயத்துக்காகக் கைப்பணத்தைச் செலவழிப்பவர். வாரநாட்களிற் கடையிலோ காரியாலயத்திலோ இருந்துவிட்டு, வார இறுதியில் தலைக்கவசம் அணிந்துகொள்பவர். வண்டியின் அடியிற் படுத்துக் கிடப்பவரும், பிறகு அதனுள் ஏறி ஓட்டுபவரும் பல வேளைகளில் ஒருவரேயாவர். ஆகையாற் கமராக்காரனுக்கு இங்கே வேகம் மட்டும் கிடைப்பதில்லை, மனிதரும் கிடைக்கின்றனர்.

இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. சித்திரை மாதத்தில், மலைநாடு விருந்தினரால் நிறைந்திருக்கும் பருவத்தில், தேயிலைச் சரிவுகளின் ஊடே வளைந்தேறும் வீதியிலே வண்டிகள் ஒவ்வொன்றாக விடப்படும். ஒன்றையொன்று துரத்துவதில்லை, ஒவ்வொன்றும் கடிகாரத்தோடுதான் போட்டியிடுகின்றது. அதன் பின்னர் வந்த உலக யுத்தம் நமக்கு வேறொரு வகைத் தளத்தை விட்டுச் சென்றது. களுத்துறைக்குத் தெற்கே கட்டுக்குருந்தையிலே பிரித்தானியக் கடற்படையின் விமானங்களுக்காக அமைத்த ஓடுபாதை, யுத்தம் முடிந்த பின் மோட்டார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்திலிருந்த யுத்தகால விமானத்தளத்திலேதான் அங்குள்ள ஆர்வலர் நெடுங்காலம் பந்தயம் ஓடினர். 1990இல் இருங்காட்டுக்கோட்டையிற் பந்தயத்துக்கென்றே ஒரு தளம் அமையும்வரை நிலைமை அதுவே. விமானம் ஏறுவதற்குப் போட்ட பாதையிலே கார்கள் ஏற முயன்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இப்போது நம் நாட்டிற் சனக்கூட்டத்தை ஈர்ப்பவை மண்தளப் பந்தயங்கள். தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியை அண்டி நடக்கும் பொக்ஸ்ஹில் பந்தயமும், அநுராதபுரத்தை அடுத்த சாலியபுரத்திற் கஜபா படைப்பிரிவினர் நடத்தும் பந்தயமும் அவ்வகையின.

மூன்று தளங்களும் கமராக்காரனுக்கு மூன்று விதமானவை. ஓடுபாதை தட்டையானது, ஏறி நிற்க மேடில்லை, வெயிலோ வெகு கொடியது. மலையேற்றத்தில் அடுத்த வண்டி எப்போது வரும் என்பது காதுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் மூடுபனி எப்போது இறங்கும் என்பது எவருக்கும் தெரியாது. மண்தளத்திலோ புழுதிதான் பாதிப் படம். சில்லுகளின் பின்னே எழும்பும் செம்மண், வண்டி நின்றவாறு பதிந்தாலும் அது பறப்பதாகவே காட்டிவிடும். புதிதாகப் பழகுவோருக்கு மண்தளத்தைப் போற் கருணையுள்ள ஆசான் வேறில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆசிரியனுக்குக் கணக்கில்லாமற் பேச்சு ஓடாது. மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார், ஒரு செக்கனில் ஏறத்தாழ 33 மீற்றர் கடக்கிறது. கமராவின் மூடி செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு நேரம் மட்டும் திறந்தால், அதற்குள் வண்டி மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேலேதான் நகரும். படம் துலக்கமாக விழும். சில்லின் ஆணிகூடத் தெரியும். ஆனாற் பார்ப்பவர், “வீதியோரத்தில் நிறுத்திவைத்த கார்” என்பார். வேகத்தை முற்றாக நிறுத்திவிட்டால், வேகம் இருந்ததற்கு அடையாளமே இல்லாமற் போய்விடுகிறது. எனவே அனுபவசாலிகள் மூடியை மெதுவாக்குவர். செக்கனில் அறுபதிலொரு பங்கு வைத்து, வண்டி வரும்போதே கமராவை அதனோடு சேர்த்து இடுப்பிலிருந்து திருப்பி, திருப்பத்தின் நடுவே பொத்தானை அழுத்தி, அழுத்திய பின்னும் திருப்பத்தை நிறுத்தாமல் விடுவர். அந்நேரத்திலே வண்டி அரை மீற்றருக்கு மேலே நகர்ந்திருக்கும். ஆயினும் கமராவும் அதனோடு நகர்ந்தபடியால் வண்டி தெளிவாயும், பின்னணியிலுள்ள மரமும் மனிதரும் கோடுகளாய் இழுபட்டும் பதிகின்றன. ஓட்டம் படத்துள் வந்துவிடுகிறது.

இதைப் பழகுவதற்குப் பந்தயத்தளம் வேண்டியதில்லை. எங்கள் பாடசாலை மாணவருக்கு நான் இதனைத் துவிச்சக்கர வண்டிகளை வைத்தே கற்பித்தேன். பாடசாலை விடும் நேரத்தில் மதிலுக்கு உட்புறம் நின்று, வெளியே போகும் சைக்கிள்களைத் தொடர்ந்து நூறு படம் எடுங்கள், அவற்றில் ஐந்து தேறினால் நீங்கள் கெட்டிக்காரர் என்பேன். பழைய 120 பிலிம் சுருளிலே பெரிய சதுரப் படங்கள் பன்னிரண்டுதான் விழும். அந்தக் காலத்தவர் பன்னிரண்டை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுதும் பந்தயம் பார்த்தனர். இன்றைய பிள்ளைகள் பன்னிரண்டை ஒரு செக்கனிலே செலவழிக்கின்றனர். அதனாற் படம் கெட்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்; பொறுமைதான் கொஞ்சம் மெலிந்துவிட்டது.

பிரான்சு நாட்டு லார்த்தீக் என்பவர் எடுத்த பந்தயப் படம் ஒன்றை உங்களிற் சிலர் பார்த்திருப்பீர்கள். 1912ஆம் ஆண்டினது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. ஆய்வாளர் சிலர் 1913 என்பர். எடுத்தவருக்கு அப்போது இருபது வயதும் நிரம்பவில்லை. அப்படத்திலே காரின் சில்லு வட்டமாயில்லை. முட்டை வடிவாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கரையில் நிற்போரோ எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றனர். அக்காலக் கமராவின் மூடி ஒரு சிறு பிளவாய் மேலுங்கீழுமாக நகர்ந்து படத்தைச் சிறிது சிறிதாகப் பதித்தது. அது நகர்ந்து முடிவதற்குள் காரும் நகர்ந்தது, கமராவும் திரும்பியது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் இல்லை. அதன் விளைவே அச்சாய்வு. படம் பழுது என்று அவரே அதை ஒதுக்கி வைத்திருந்தாராம். 1963இல் நியூயோர்க்கிலுள்ள நவீன கலைக் காட்சிச்சாலையில் அவருடைய படங்கள் வைக்கப்பட்ட பின்னரே உலகம் அவரை அறிந்தது. வேகத்தை இதனினும் நன்றாகக் காட்டிய படத்தை நான் இதுவரை கண்டதில்லை.

அப்படத்தில் நான் மாணவருக்குச் சுட்டிக்காட்டுவது சில்லை மட்டுமன்று. கரையிலே நிற்கும் சனங்களையும்தான். வண்டிக்கும் அவர்களுக்குமிடையே ஒரு கயிறுகூடக் கண்ணுக்குப் படவில்லை. இவ்விடத்திலேதான் என் பேச்சின் முக்கிய பகுதி தொடங்குகிறது. பந்தயப் படத்தில் மூடியின் வேகத்தைவிட, வில்லையின் விலையைவிட, பெரிய கேள்வி ஒன்றுண்டு: எடுப்பவர் எங்கே நிற்கிறார்?

வளைவிலேதான் நல்ல படம். அங்கேதான் வண்டி சாய்கிறது, சறுக்குகிறது, புழுதி வாருகிறது, ஓட்டுபவரின் கைகள் திருப்புவளையத்தோடு மல்லாடுகின்றன. அதே வளைவிலேதான் வண்டி பாதையைத் துறந்து போவதும். பிடி இழந்த கார் வளைவோடு திரும்பாது. அந்தக் கணத்தில் எத்திசை நோக்கியிருந்ததோ அத்திசையிலே நேரே போகும். கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஆகவே வளைவின் வெளிப்புறம் நிற்பவர், கல் வந்து விழும் இடத்திலே நிற்கிறார். ஆனாற் காரின் முகம் முழுதாகத் தெரிவதும் அவ்விடத்திலிருந்துதான்! உட்புறம் ஓரளவு பாதுகாப்பானது. சுழன்ற வண்டி அங்கும் வருவதுண்டு. மேட்டின்மேலே, தடுப்புக்குப் பின்னே, நீண்ட வில்லையோடு நிற்பதே உத்தமம்.

நீண்ட வில்லைக்கும் ஒரு குறை உண்டு. 200 மில்லிமீற்றர் வில்லையினூடே பார்க்கும்போது அகலவாட்டிற் பத்துப் பாகை அளவே கண்ணுக்குத் தெரியும். மற்றக் கண்ணையும் மூடிக்கொண்டால் உலகம் ஒரு சாவித்துவாரமாகிவிடும். கண்ணாடி பொருத்திய பழைய கமராக்களில், படம் பதியும் அந்தக் கணத்திலே கண்ணாடி மேலெழுந்து, அந்தத் துவாரமும் இருண்டு போகும். ஆகவேதான் தனியே எடுக்கப் போகாதீர்கள், கமரா இல்லாத ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும் என்று சொல்கிறேன்.

கைத்தொலைபேசியின் குறை இதற்கு நேர்மாறானது. அதன் வில்லை அகன்றது. அருகிலிருப்பதையும் சிறிதாக்கித் தூரத்திற் காட்டுவது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மலைநாட்டுப் பந்தயம் ஒன்றுக்குப் போய் எடுத்துவந்த படத்தைக் காட்டினான். வகுப்பே வியந்தது, படம் நல்ல படந்தான். கீழ் மூலையிற் கிடந்த அவனுடைய நிழலின் தலை, காரின் முன்சில்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. “தம்பி, எவ்வளவு தூரத்தில் நின்றாய்?” என்று கேட்டேன். “தூரத்திலேதான் சேர், போனில் அப்படித்தானே தெரிந்தது” என்றான். நிழல் விழுந்த நீளத்தைக் காட்டி, நீயே கணக்குப் பார் என்றேன். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இரத்தமில்லை. திரையிற் கார் சிறிதாகத் தெரிந்தபடியால், அதைப் பெரிதாக்க ஒவ்வோர் அடியாக முன்னே போயிருக்கிறான். அவனுக்குத் துணிச்சல் அதிகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் பயந்த சுபாவமுள்ள பிள்ளை. கண் சொல்வதை விட்டுத் திரை சொல்வதை நம்பினான், அவ்வளவுதான்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, புத்தாண்டு கழிந்த அடுத்த ஞாயிறன்று, தியத்தலாவையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பல ஆண்டுகளின் பின் பொக்ஸ்ஹில் பந்தயம் மீண்டும் நடந்தது. குடும்பங்கள் பிள்ளைகளோடு போயிருந்தன. ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனங்களுட் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் மாண்டனர். மேலும் பலர் காயமுற்றனர். இறந்தோருள் பந்தயக் கடமையில் நின்றோரும் இருந்தனர். அந்தக் காட்சி கைத்தொலைபேசிகளிற் பதிவாகி அன்றே நாடெங்கும் பரவியது. அன்று அங்கே நின்றவர்களை நான் குறை கூறவில்லை. விடுமுறையைக் கழிக்கப் போன மனிதர், இடமிருந்த இடத்தில் நின்றனர். எங்கே நிற்கலாம் என்று கோடு கீறிக் காட்ட வேண்டியது பார்ப்பவரின் வேலையன்று.

இத்தகைய துயரம் செல்வ நாடுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 1955 யூன் 11ஆம் திகதி பிரான்சின் லெ மான் பந்தயத்திலே ஒரு காரின் சிதைவுகள் கூட்டத்துட் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின் சுவிற்சர்லாந்து தன் நாட்டிலே சுற்றுப்பாதைப் பந்தயத்தையே தடை செய்தது; தசாப்தங்களாக அத்தடை நிலைத்தது. மற்ற நாடுகள் அவ்வாறு நெடுங்காலம் தடை செய்யவில்லை. சனங்களைப் பின்னே தள்ளி, மண்மேட்டையும் வேலியையும் முன்னே கொண்டுவந்தன. படக்காரர்களும் அதற்கேற்ப நீண்ட வில்லை வாங்கினர். இன்று நாம் பத்திரிகைகளிற் பார்க்கும் நல்ல பந்தயப் படங்கள் அப்படித் தள்ளி நின்றவர்கள் எடுத்தவையே.

தள்ளி நிற்பதில் ஒரு இலாபமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடலாகாது. பாதையோரத்தில் நிற்பவனுக்குக் கார் மட்டுமே தெரியும். பின்னே வந்தவனுக்குப் பந்தயம் முழுதும் தெரியும். திறப்புச் சாவியை வாயிற் கவ்வியபடி இயந்திரத்துட் குனிந்திருப்பவர், மகன் ஓடும் நேரத்தில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் தாய், கடலை விற்பவரின் கூடையிற் படிந்த புழுதி, மேட்டிலே குடைகளின் வரிசை, இவையெல்லாம் அங்கே கிடைக்கின்றன. எனது தொகுப்பிற் காரே இல்லாத பந்தயப் படங்கள் இப்போது பாதிக்கு மேல்.

அவற்றுட் கொடிக்காரரின் படங்களே எனக்குப் பிடித்தவை. மஞ்சட் கொடி ஆபத்தைச் சொல்லும். சிவப்பு, நில் என்று சொல்லும். ஓட்டுபவருக்கு முன்னாலுள்ள வளைவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவருக்குக் கண்ணாயிருப்பவர் இந்த மனிதரே. வெற்றிக் கிண்ணத்தோடு எடுக்கும் படங்களில் இவரை எவரும் அழைத்து நிறுத்துவதில்லை. மகாகஸ்தோட்டையிலே பனி இறங்கிய ஒரு காலையில் எடுத்த படம் ஒன்று என் மேசைமீது இருக்கிறது. கம்பளிச் சட்டை அணிந்த ஒருவர், சுருட்டிய மஞ்சட் கொடியைத் தொடையோடு அணைத்தபடி, வீதி வளைந்து மறையும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வண்டி இன்னும் வரவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அதன் ஒலிக்காகக் காதைக் கொடுத்திருக்கிறார்.