நூற்றெட்டு வரும் வரை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"விலங்கியல் படிச்சவனுக்கு ஆம்புலன்ஸில் என்னப்பா வேலை?" என்று வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டார். 108 சேவை தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்போம். நோயாளியோடு பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர். நர்சிங் படித்தவர்களோடு, விலங்கியல், தாவரவியல், உயிர் வேதியியல் பட்டதாரிகளையும் பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். வேலை தேடும் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இதயம் நின்று விழுந்தவருக்கு முதல் வைத்தியம் ஆம்புலன்ஸில் இல்லை. பக்கத்தில் நிற்பவரின் இரண்டு கைகளில் இருக்கிறது.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பு என்பது குழாயில் அடைப்பு. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். இதயம் நிற்பது கரண்ட் போன மாதிரி. ஆள் சட்டென்று விழுந்துவிடுவார். நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும்.

நம் நெம்மேலியை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் கார்களுக்கு நடுவே சைரன் போட்டாலும் வண்டி பறந்து வந்துவிட முடியாது.

அதுவரை என்ன செய்வது? தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். விட்டு விட்டு வாயைத் திறந்து இழுப்பது மூச்சு அல்ல. அதைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், தூக்கி உட்கார வைக்காதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் அடுத்த கையை வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். கை வலித்தால் ஆள் மாறலாம், நிறுத்தக் கூடாது. கடலில் மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சும் ஊத வேண்டும். கரையோரத்துப் பிள்ளைகள் இதை மறக்கக் கூடாது.

கடலோரக் குப்பம் ஒன்றில் மீனவர் ஒருவர் வலை இழுக்கும்போது விழுந்துவிட்டார். நாங்கள் போனபோது அவருடைய மைத்துனர் வேர்க்க விறுவிறுக்க அழுத்திக்கொண்டிருந்தார். வேலை செய்த கம்பெனியில் கற்றுக்கொண்டாராம். எங்கள் டிஃபிபிரிலேட்டர் மின் அதிர்ச்சி கொடுத்த பிறகு நாடி வந்தது. அந்த மைத்துனர் கை வைக்காதிருந்தால் எங்கள் கருவிக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

பிழைத்ததோடு கதை முடியவில்லை. சில மாதம் கழித்து அவரைப் பார்த்தேன். பேர் மறக்கிறது, கோபம் வருகிறது, கொஞ்ச தூரம் நடந்தால் களைப்பு. "சோம்பேறி ஆயிட்டாருங்க" என்றார் அவர் மனைவி. சோம்பல் இல்லைம்மா, மூளைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் போகாததால் வந்தது, பயமும் சேர்ந்திருக்கிறது, மறுபடியும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அமெரிக்க இதயச் சங்கம்கூட உயிர்காக்கும் சங்கிலியில் 'மீண்டெழுதல்' என்ற ஆறாவது கண்ணியை 2020-இல்தான் சேர்த்தது. வீட்டார் பொறுமையும் வைத்தியத்தில் பாதி.

டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்ததைப் பலரும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு நெஞ்சில் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டு, 2022 பிப்ரவரியில் மறுபடி ஆடினார். அவருக்குக் கிடைத்த அந்த முதல் நிமிடங்கள் நம் குப்பத்து மனிதருக்கும் கிடைக்க வேண்டாமா?

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் நினைவுப் பரிசாகக் கேடயம் கொடுக்கிறோம். இந்த ஆண்டு கல்லூரிக்கு ஒரு தானியங்கி டிஃபிபிரிலேட்டர் வாங்கிக் கொடுப்போம். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும். முதலாண்டு மாணவர்களுக்கு அரை நாள் பயிற்சிக்கு முதல்வர் அனுமதித்தால், என் விடுமுறை நாளில் நானே வந்து சொல்லித் தருகிறேன்.