மண்புழுவின் வயிற்றில் பசளைப் பை





பெரும்போக விதைப்புக் காலத்தில் ஒலுவில், பாலமுனை, நிந்தவூர் வட்டைகளின் வரப்பில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போய்விட்டது. நீர் உடைத்துக்கொண்டு ஓடும் வக்கடையை அடைப்பதற்கு மண் நிரப்பிய யூரியாப் பை வைக்கப்பட்டிருக்கும். வாய்க்கால் ஓரத்தில் வெறும் களைநாசினிப் போத்தல்கள் கிடக்கும். அந்தப் பை வெயிலிலும் நீரிலும் கிடந்து நூல் நூலாக உதிரத் தொடங்கியதும், "அது மக்கிப் போய்விட்டது" என்று நாம் சொல்லிவிடுகின்றோம். உண்மையில் அது மக்கவில்லை. வைக்கோல் மக்கினால் மண்ணாகின்றது. பிளாஸ்டிக்கோ உடைந்து சிறு பிளாஸ்டிக்காகின்றது, அவ்வளவுதான். 5 மில்லிமீற்றருக்கும் சிறிதானவற்றை நுண்பிளாஸ்டிக் என அழைக்கின்றனர். அவை மண்ணுக்குள் சென்று என்ன செய்கின்றன என்பதே இன்றைய உரையின் விடயமாகும்.

நமது மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு, எட்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகமெங்கும் பேசப்பட்டது. யானை பெரிய உயிர். அதன் மரணம் நம் கண்ணில் பட்டது. அதே பொருளை விழுங்கும் மண்புழுவின் மரணத்தை எவரும் படம் பிடிப்பதில்லை.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. மண்ணையும் மக்கிய சருகையும் அப்படியே விழுங்கி, உள்ளே இருக்கும் அரைவைப் பையில் அரைத்து, பயிருக்கு உகந்த எருவாக வெளியேற்றுகின்றது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டொன்றுக்கு 10 தொன்னுக்கும் அதிகமான மண் புழுக்களின் உடலினூடாகச் செல்கின்றது என்று 1881இல் சார்ள்ஸ் டார்வின் கணித்து எழுதினார். நீர் தேங்கி நிற்கும் நெல்வயலின் நடுவில் இவற்றைக் காண்பது அரிது. ஆனால் வரப்பிலும், மரக்கறிப் பாத்தியிலும், தென்னை நிற்கும் வளவிலும் இவையே கூலி கேளாத உழவர்கள். விழுங்கும் மண்ணில் எது உணவு, எது பிளாஸ்டிக் என்று முற்றாகப் பிரித்தறியும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புழுக்களுக்கு வைத்த சருகில் பொலித்தீன் தூளைக் கலந்தனர். 28 வீதமும் அதற்கு மேலும் கலந்தபோது 60 நாட்களில் இறப்புக் கூடியது; வளர்ச்சியும் குன்றியது. இதைக் கேட்ட ஒருவர், "நமது வயலில் அவ்வளவு பிளாஸ்டிக் ஏது?" என்று வினவலாம். நியாயமான வினாதான்; 7 வீதம் கலந்தபோது இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. ஆனால் 2019இல் இங்கிலாந்தில் வெளியான மற்றோர் ஆய்வு இதைவிடக் கவலை தருகின்றது. அங்கே ஒரு கிலோ மண்ணுக்கு ஒரு கிராம் அளவே கலந்தனர். 30 நாட்களில் சுத்தமான மண்ணில் வாழ்ந்த புழுக்களின் எடை சுமார் 5 வீதம் கூடியிருக்க, பிளாஸ்டிக் கலந்த மண்ணில் வாழ்ந்தவை சுமார் 3 வீதம் மெலிந்திருந்தன. அங்கு கலக்கப்பட்ட உயர் அடர்த்திப் பொலித்தீன் நமக்கு அந்நியமான பொருளன்று. கிருமிநாசினிக் கேன்கள் பலவும் அதனாலேயே செய்யப்படுகின்றன.

புழு இறக்காவிட்டாலும் காரியம் முடிந்துவிடுவதில்லை. தான் விழுங்கியதைத் தன் வளை வழியே ஆழத்துக்குக் கொண்டு செல்வது அதன் இயல்பு. மேலே கிடக்கும் பையை ஒரு சிறுவனும் பொறுக்கி எடுத்துவிடலாம். ஒரு சாண் ஆழத்துக்குப் போன துகளை எந்த இயந்திரமும் எடுக்காது. தந்தையின் வரப்பில் உதிர்ந்த பை மகனின் காணியில் கிடக்கும். அறுவடை முடிந்ததும், பாய்ச்சிய நீரா மழை நீரா என்று பார்த்து, நெல்லின் ஸக்காத்தை இருபதில் ஒன்றாகவோ பத்தில் ஒன்றாகவோ கணக்கிடும் நாம், அந்தப் போகத்தில் மண்ணுக்குள் விட்டுவந்த பைகளை எண்ணிப் பார்த்ததுண்டா?

பசளையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. அந்த மாதங்களில் கூட்டெருவைத் தேடி விவசாயிகள் அலைந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கூட்டெரு நல்லதே. ஆயினும் தரம் பிரிக்காத வீட்டுக் குப்பையிலிருந்து செய்த கூட்டெருவில் ஷொப்பிங் பையும் ஷாம்பு பக்கெட்டும் துணுக்குகளாகக் கலந்தே வருகின்றன. ஆகவே நுண்பிளாஸ்டிக்கின் ஒரு வழி வயலில் அல்ல, நமது குசினியிலேயே தொடங்குகின்றது. மீன் கழிவையும் பொலித்தீனையும் ஒரே வாளியில் போடும் வீட்டுக்கு இதில் பங்குண்டு.

சட்டம் இல்லாமலும் இல்லை. விவசாய இரசாயனங்களைப் பெட், பிவிசி கொள்கலன்களில் அடைப்பது 2021 மார்ச் 31 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. ஆனால் வக்கடையில் வைக்கும் பையைத் தடுக்க எந்த அதிகாரியும் வரப்புக்கு வரப்போவதில்லை.

வாலிபர்களே! இம்முறை விதைப்புக்கு வாப்பாவுடன் செல்லும்போது ஒரு வெறும் சாக்கைக் கையோடு கொண்டு செல்லுங்கள். வக்கடைக்கு வைக்கோலும் களிமண்ணும் போதும். நமது மூத்தவாப்பாமார் அப்படித்தான் அடைத்தார்கள். உதிரத் தொடங்கிய பைகளை நூல் பறக்குமுன் எடுத்துவிடுங்கள். எரிக்க வேண்டாம், அந்தப் புகை வேறொரு நஞ்சு. வெறும் கேனை மும்முறை கழுவி, அந்த நீரைத் தெளிதாங்கியிலேயே ஊற்றுங்கள், களியோடையில் ஊற்றாதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்குக் கூட்டெரு வாங்கும் தாய்மார்கள், ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் வைத்துப் பாருங்கள். மினுங்கும் துணுக்குகள் தென்பட்டால் மூடையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்.